செருப்புத் தவளைக்கு வாய் திறக்கும் விரால்

ஒரே ஒரு விரால் அடிச்சிருக்கும். அவ்வளவுதான். இழுத்துப் பார்த்தா மீனும் இல்லை, தவளைக்குக் காலும் இல்லை.

கடையில வாங்குற ரப்பர் தவளையைப் பத்தித்தான் பேச்சு. பளபளன்னு கவர்ல வரும். கண்ணு, புள்ளி, பச்சை முதுகு, மஞ்சள் வயிறு எல்லாம் அச்சு அசல். விலை சில நூறு ரூபாய். ஆனா மலிவா வர்ற பலதுல முள் மெல்லிசு, ஒரு நல்ல விரால் வாயை மூடினாலே விரிஞ்சிடுது. உடம்புல ஒரு சின்னக் கிழிசல் விழுந்தா உள்ள தண்ணி ஏறி, தவளை மூழ்க ஆரம்பிச்சிடும். கரையில நிக்கிற ஆளுக்கு வர்ற எரிச்சல் இருக்கே, அதை மீன்பிடிக்கிறவங்ககிட்டத்தான் கேட்கணும்.

அந்த எரிச்சல்தான் தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் நிறைய பேரைப் பழைய ஹவாய் செருப்பை அறுக்க வச்சிருக்கு. நிஜமாத்தான். தேஞ்சு போன செருப்போட அடிப்பாகம், ஒரு பிளேடு, கொஞ்சம் உப்புத்தாள், ஒரு ஸ்டீல் கம்பி, ரெட்டை முள். இதுல பிறக்குற தவளை, கவர்ல வர்ற தவளையை விட அழகுல குறைச்சல்தான். ஆனா திண்டுக்கல் பக்கத்துக் குளத்துல அது நல்லா வேலை செய்யும். ஏன்னா அது அந்தத் தண்ணிக்காகவே செஞ்சது.

நம்ம தண்ணி எப்படின்னு முதல்ல பார்க்கணும். திண்டுக்கல் சமவெளியில வருஷம் முழுக்க தண்ணி நிக்கிற இடம் கம்மி. ஆத்தூர் பக்கம் மலையடிவாரத்துல காமராஜர் சாகர் அணை இருக்கு, டவுனுக்குக் குடிதண்ணி கொடுக்கிறதுல அதுவும் ஒண்ணு. குடகனாறு கீழ்ப்பழனி மலையில இருந்து இறங்கி, ஆத்தூர், வேடசந்தூர் வழியா வடக்க போய் அமராவதியில கலக்குது. நிலக்கோட்டைப் பக்கம் போனா அணைப்பட்டியில வைகை. மத்தபடி எல்லாம் கண்மாயும் குளமும்தான். ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை பெஞ்சா நிறையும். கலங்கின செம்மண் தண்ணி, ஓரத்துல கோரை, நடுவுல ஆகாயத்தாமரை, வேலங்கொப்பு, அடியில பாசி. சித்திரை வைகாசியில பாதி குளம் வெடிச்சுக் கிடக்கும்.

இந்தத் தண்ணியில வாழறதுக்குன்னே அமைஞ்ச மீன் விரால். செவுள் மட்டும் இதுக்குப் போதாது. தலைக்குள்ள செவுளுக்கு மேல தனியா ஒரு காத்து அறை வச்சிருக்கு. அதனால அடிக்கடி மேல வந்து ஒரு வாய் காத்து வாங்கிட்டுப் போகும். மேல வரவிடாம தடுத்தா தண்ணிக்குள்ளயே மூச்சுமுட்டிச் செத்துப்போற மீன் அது. குளம் வத்தினா சேத்துக்குள்ள புதைஞ்சு ஈரத்துலயே நாளைக் கடத்தும். வேட்டையும் அதே மாதிரிதான்: துரத்தி ஓடாது, புல்லுக்கு அடியில அசையாம கிடந்து, தலைக்கு மேல தவளையோ, எலிக்குஞ்சோ, சின்ன மீனோ போனா ஒரே பாய்ச்சல்.

இப்ப லூர், அதாவது செயற்கை இரை, எப்படி இருக்கணும்னு விரால் தானாவே சொல்லிடுச்சு பாருங்க. மிதக்கணும். பாசியில மாட்டாம வழுக்கிக்கிட்டு வரணும். கலங்கின தண்ணியில கண்ணு தெரியாட்டியும் சத்தமும் அதிர்வும் கிளப்பணும் (மீனோட உடம்புப் பக்கத்துல ஓடுற கோடு அதிர்வை உணர்ற உறுப்பு). வாய்க்குள்ள போனதும் அமுங்கி முள்ளை வெளிய விடணும். இந்த நாலும் இருந்தா போதும். கண்ணு வரையிறது நம்ம சந்தோஷத்துக்கு.

நம்ம ஊருல இதுக்கு முன்னாடி என்ன பண்ணுனாங்க? உயிரோட இருக்கிற தவளைக் குஞ்சைப் பிடிச்சு, முதுகுத் தோல்ல முள்ளைக் குத்தி, தண்ணியில துள்ள விட்டாங்க. இன்னும் சில இடத்துல பண்றாங்க. அது பலன் தர்ற முறைதான், மறுக்க முடியாது. ஆனா வயல்ல பூச்சி தின்னுற ஒரு ஜீவனை முள்ளுல குத்தித் துடிக்க விடுறது தேவையே இல்லாத கொடுமை. தவளைக்கால் ஏற்றுமதியையே இந்தியா 1987-ல நிறுத்தினது வயலுக்குத் தவளை வேணும்ங்கிற கவலையாலதான். செருப்புத் தவளையோட முதல் லாபம் பணம் இல்லை, அந்தத் தவளைக் குஞ்சோட உயிர்.

சரி, அறுக்க ஆரம்பிக்கலாம்.

செருப்பு எதுவா இருந்தாலும் ஆகாது. விரலால அமுக்கிப் பாருங்க. மெத்துன்னு உள்ள போய் உடனே எழும்பணும். பல வருஷம் வெயில்ல கிடந்து விறைச்சுப் போனதுன்னா வேண்டாம், விரால் கடிச்சாலும் அமுங்காது, முள் வெளிய வராது. நல்ல குதிகால் பகுதியா பார்த்து, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு. முன்பக்கம் கூம்பா, பின்பக்கம் அகலமா, வயிறு கொஞ்சம் உருண்டையா. புது பிளேடுல சீவினாத்தான் வழவழன்னு வரும், மழுங்கின பிளேடு பஞ்சைப் பிய்க்கும். சீவி முடிச்சதும் உப்புத்தாள். முதல்ல சொரசொரப்பான தாள், அப்புறம் நைஸ்.

அடுத்து கம்பி. துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி, மூக்குல ஒரு வளையம், உடம்புக்கு நடுவுல ஓடி, வால் பக்கம் இன்னொரு வளையம். இந்தக் கம்பிதான் லூரோட முதுகெலும்பு. மீனோட முழு இழுப்பையும் இதுதான் தாங்கணும், பஞ்சு தாங்கக்கூடாது. வயித்துப் பக்கம் நீளமா ஒரு கீறல் போட்டு, கம்பியை உள்ள வச்சு, ரெண்டு கலவை அரால்டைட் தடவி மூடிடணும். (பெவிக்விக் சீக்கிரம் ஒட்டும். ஆனா காஞ்சா கண்ணாடி மாதிரி விறைச்சுக்கும், அமுங்குற இடத்துல உடையும். அவசரம் வேண்டாம். ஒரு ராத்திரி காயட்டும்.)

ரெட்டை முள்ளை வால் வளையத்துல கோத்து, ரெண்டு முனையும் முதுகை ஒட்டி மேல் நோக்கிப் படுத்திருக்கிற மாதிரி வைக்கணும். முனை பஞ்சுல லேசா பதிஞ்சிருந்தா நல்லது. அப்பத்தான் ஆகாயத்தாமரை மேலயே இழுத்துக்கிட்டு வந்தாலும் மாட்டாது. முதுகுல, முள் கிடக்கிற இடத்துல பிளேடால நீளவாட்டுல ஒரு பள்ளம் சீவி விட்டா இன்னும் சுலபமா அமுங்கும். இந்தப் பள்ளத்தை விட்டுட்டவங்கதான் "அடிக்குது, ஆனா மாட்ட மாட்டேங்குதே"ன்னு புலம்புறது.

காலுக்கு என்ன? சைக்கிள் டியூப்பை மெல்லிசா கீறி, கொத்தாக் கட்டலாம். பழைய ரப்பர் பேண்டு நல்லா ஆடும், வெயில்ல சீக்கிரம் இத்துப்போகும். தோல் பதனிடுற தொழில் திண்டுக்கல்லுக்குப் பழசு, அதனால தோல் துண்டு கிடைக்கிறது கஷ்டம் இல்லை. மெல்லிசான தோலை வாலா வெட்டிக் கட்டினா, தண்ணியில ஊறினதும் அருமையா நெளியும். காஞ்சா விறைக்கும், அடுத்த தடவை போடுறதுக்கு முன்னாடி நனைச்சுக்கணும். கிழியாத கால் வேணும்னா தோலுக்கு இணை வேற இல்லை.

இப்ப தொட்டியில போட்டுப் பாருங்க.

கவுந்துக்கும்! முதல் தவளை பெரும்பாலும் கவுந்துக்கும். முள் முதுகு மேல இருக்கு, கனம் மேல, பஞ்சு கீழ, அப்புறம் எப்படி நிமிர்ந்து நிக்கும்? வயித்துல, வாலை ஒட்டி, சின்னதா ஒரு கனம் வைக்கணும். இரும்பு நட், சின்ன போல்ட் துண்டு எதுவானாலும் சரி. கனம் நடுவுல இருந்தா தவளை பலகை மாதிரி மட்டமா மிதக்கும். வால் பக்கம் தள்ளி வச்சா மூக்கு மட்டும் வெளிய தெரிய, உடம்பு சாஞ்சு நிக்கும். உசிருள்ள தவளை தண்ணியில நிக்கிறதும் அப்படித்தான். வீசும்போதும் வால் பக்கம் கனமா இருந்தா தூரம் போகும். இந்த ஒரு கனத்தை எங்க வைக்கிறதுங்கிறதுல மொத்த கலையும் இருக்கு. அதைக் கடையில வாங்குற தவளை யாருக்கும் சொல்லிக்கொடுக்காது, தொட்டித் தண்ணி சொல்லிக்கொடுக்கும்.

நிறம் பத்தி ஆளாளுக்கு ஒரு கட்சி. பச்சைதான்னு ஒருத்தர், மஞ்சள்தான்னு இன்னொருத்தர். விரால் கீழ இருந்து மேல பார்க்குதுங்கிறதை நினைச்சுப் பாருங்க. அதுக்குத் தெரியிறது வானத்து வெளிச்சத்துக்கு முன்னாடி ஒரு நிழல். அந்த நிழல் நல்லா அழுத்தமா தெரியணும்னா கறுப்பு. விடியக்காலையிலயும் சாயங்காலமும் கறுப்புத் தவளையை ஒதுக்கவே கூடாது. மேல் முதுகுல ஒரு பொட்டு மஞ்சளோ வெள்ளையோ வச்சா அது மீனுக்கு இல்லை, பாசி நடுவுல லூர் எங்க வருதுன்னு நாம பார்க்கிறதுக்கு.

வண்ணம் பூசும்போது ஒரு எச்சரிக்கை. செருப்புப் பஞ்சுக்குப் பதிலா தெர்மாகோல்ல செஞ்சு, அது மேல நெயில் பாலிஷ் அடிச்சா, கண்ணு முன்னாடியே குழிஞ்சு கரைஞ்சு போகும். பாலிஷ்ல இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்னுடும். தெர்மாகோல்தான் வேணும்னா தண்ணியில கரையிற பெயிண்டை முதல்ல பூசி, காயவிட்டு, அப்புறம் மத்தது.

கரையில அனுபவசாலி ஒருத்தர் பக்கத்துல இருந்தா கேட்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"மாப்ளே, அடிச்ச உடனே வெட்டாத. அது வாயில வாங்கி உள்ள போகட்டும்."

"விட்டுட்டுப் போயிடாதாண்ணே?"

"போகாது. செருப்பு மெத்துன்னு இருக்கில்ல, துப்ப மாட்டான். நரம்பு இறுகுறப்ப இழு."

இது சும்மா சொல்றது இல்லை. மேல்மட்டத்துல தண்ணி வெடிச்ச சத்தத்துக்குப் பதறி இழுத்தா, தவளை மீன் வாயில இருந்து பறந்து வந்து நம்ம முகத்துல விழும். மெத்துன்னு இருக்கிற உடம்புக்கு இன்னொரு பலன் இதுதான், மீன் இன்னும் கொஞ்ச நேரம் வாயில வச்சிருக்கும். கட்டையான லூர்னா உடனே துப்பிடும். விரால் வாய் எலும்பும் பல்லுமா இருக்கிறதால முள் கனமா, ராடு விறைப்பா, நரம்பு நல்லா பின்னின பிரெய்டா இருக்கணும்.

வீட்டுல உட்கார்ந்து லூர் செஞ்சவங்க வரிசை ரொம்பப் பெருசு. பின்லாந்துல லவுரி ரப்பாலான்னு ஒரு ஏழை மீனவர். தினமும் ஏரியில வலை போடப் போறவர், படகுல இருந்து கவனிச்சது ஒரே விஷயம்: பெரிய மீன், கூட்டத்துல ஒழுங்கா நீந்துற மீனை விட்டுட்டு, அடிபட்டு ஒருக்களிச்சு நீந்துற மீனைத்தான் பாயுது. அந்த நொண்டி நீச்சலை எப்படிக் கொண்டு வர்றது? 1936-ல தக்கையை எடுத்து, செருப்புத் தைக்கிற கத்தியால சீவி, உப்புத்தாள் போட்டு, சாக்லேட் சுத்தி வர்ற தகரத்தாளை மேல ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கி மேல்பூச்சா பூசினார். வார்னிஷ் வாங்கக் காசு இல்லை. 1962 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட லைஃப் பத்திரிகையில அவர் லூரைப் பத்தி ஒரு கட்டுரை வந்தது. அந்த இதழோட அட்டையில மர்லின் மன்றோ. அதனால அந்த இதழ் எக்கச்சக்கமா வித்து, ஆர்டர் சமாளிக்க முடியாத அளவுக்குப் போச்சு. இன்னைக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேரு ரப்பாலா. ஆரம்பம் ஒரு தக்கை, ஒரு செருப்புக் கத்தி.

நம்ம ஊர் மேட்டருக்கு வருவோம். திண்டுக்கல்னா பூட்டு. 2019-ல புவிசார் குறியீடு கிடைச்ச பூட்டு. நெம்புகோல் வச்சு, அரம் போட்டு, கையாலயே இழைச்சு உருவாக்குற வேலை அது. பித்தளைத் தகடு, இரும்புத் தகடு, ஸ்பிரிங் கம்பி, அரம், சுத்தியல், துளை போடுற கருவி, இது எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டே கையாளுற ஆளுங்க இருக்கிற ஊர். ஒரு ஸ்பூன் லூர் செய்ய என்ன வேணும்? இதேதான்!

ஸ்பூன் லூர்ங்கிறது சும்மா வளைஞ்ச ஒரு தகடு. இழுக்கும்போது இப்படியும் அப்படியும் புரண்டு, வெயில்ல பளிச் பளிச்னு மின்னும். அமெரிக்காவுல ஜூலியோ பியூல்ங்கிறவர் சாப்பிட்டுக்கிட்டு இருந்த கரண்டியை ஏரியில தவற விட்டதாகவும், அது மின்னிக்கிட்டே இறங்கும்போது ஒரு மீன் பாஞ்சு அடிச்சதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1852-ல அவர் காப்புரிமை வாங்கினது உண்மை. வீட்டுல பழைய கரண்டி இருந்தா காம்பை அறுத்துட்டு ரெண்டு ஓரத்துலயும் துளை போட்டு, ஒரு பக்கம் வளையம், இன்னொரு பக்கம் மூணு முள். அவ்வளவுதான் வேலை. பித்தளைத் தகடுல செஞ்சா இன்னும் நல்லது: மர அச்சு மேல வச்சு லேசா தட்டித் தட்டிக் குழிச்சுக்கலாம். நடுவுல குழி ஆழமா இருந்தா மெதுவா இழுத்தாலே புரளும். தட்டையா இருந்தா வேகமா இழுத்தாத்தான் ஆடும். மங்கிப்போச்சுன்னா பாலிஷ் தேட வேண்டாம், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிற பாட்டி வைத்தியம் போதும்.

ஆனா ஸ்பூனைப் பாசிக் குளத்துல வீசாதீங்க. அது காமராஜர் சாகர் மாதிரி திறந்த தண்ணிக்கு. குளத்துல மூணு முள் போட்டா மீனுக்கு முன்னாடி பாசிதான் மாட்டும்.

மரத்துல செய்யிறவங்களும் இருக்காங்க. இலேசான மரமா வேணும். இலவ மரம் நம்ம பக்கம் தாராளம், சீவவும் சுலபம். கல்யாண முருங்கையும் இலேசுதான். முன்னாடி ஒரு நாக்கு வச்சா தண்ணிக்குள்ள மூழ்கி நீந்தும். அந்த நாக்குக்குப் பழைய சிடி தட்டை வெட்டிக்கலாம், நல்ல உறுதி. நாக்கு செங்குத்தா இருந்தா மேலாக நீந்தும், உடம்போட நேர்கோட்டுக்குச் சாய்ச்சு வச்சா ஆழமா இறங்கும். இழுக்கும்போது இடது பக்கமா ஓடுச்சுன்னா மூக்கு வளையத்தைத் துளியூண்டு வலது பக்கம் வளைக்கணும். துளியூண்டுதான். மரத்துக்கு எதிரி ஈரம். மேல்பூச்சுல ஊசித்துளை இருந்தாலும் உள்ள தண்ணி ஏறி, மரம் ஊதி, பெயிண்ட் வெடிச்சிடும். அதனால எபாக்ஸி ரெண்டு கோட் தப்பாம.

இனி எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருவோம். அந்த வழவழ புழு, ரப்பர் மீன், வால் ஆடுற சாஃப்ட் பிளாஸ்டிக், அதை வீட்டுலயே ஊத்த முடியுமா?

முடியும். அதோட ஆரம்பமே ஒரு வீட்டு அடுப்படிதான். அமெரிக்காவுல ஆக்ரன் நகரத்துல நிக் கிரீம்னு ஒருத்தர், 1949 வாக்குல, மனைவியோட சேர்ந்து வினைல், எண்ணெய், நிறமி எல்லாம் கலந்து சமையலறையில காய்ச்சி, நிஜ மண்புழுவை அச்சா வச்சு வார்த்த பிளாஸ்டிக் புழு. அதுக்கு முன்னாடி வந்த ரப்பர் புழுவெல்லாம் விறைப்பு. இதுதான் முதல் தடவையா நிஜமாவே நெளிஞ்சது.

இப்ப பயன்படுத்துற பொருளுக்குப் பேரு பிளாஸ்டிசால். பிவிசி தூள், அதை மெதுவாக்குற எண்ணெய் மாதிரி ஒரு திரவத்துல மிதந்துக்கிட்டு இருக்கும். பார்க்கப் பால் மாதிரி வெள்ளையா இருக்கும். சுட வைக்க வைக்க முதல்ல கட்டி தட்டும் (இங்கதான் கெட்டுப்போச்சுன்னு நிறைய பேர் கைவிடுறது). பொறுமையா இன்னும் சுட வச்சா, 170 டிகிரி செல்சியஸ் பக்கம் அந்தக் கட்டி கரைஞ்சு தெளிஞ்ச பாகா மாறும். அப்பத்தான் நிறம், ஜிகினா சேர்க்கிறது, அச்சுல ஊத்துறது. மெதுவாக்கும் திரவம் கூடினா புழு குழையும், குறைஞ்சா விறைக்கும். உப்புத்தூள் சேர்த்தா கனம் கூடி மூழ்கும்.

தெளிவா சொல்லியாகணும்: இது சமையலறை வேலை இல்லை. சூடு அளவை மீறினா பாகு மஞ்சளாகி, பிவிசி சிதைஞ்சு ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது மூச்சுக்குழாயை அரிக்கிற புகை. துணியைக் கட்டிக்கிட்டா தடுக்காது, அமில வாயுவை வடிகட்டுற முகமூடி வேணும். இடம் மொட்டை மாடியோ திறந்தவெளியோ. வெப்பமானி இல்லாம தொடவே கூடாது. விறகடுப்பு, கேஸ் தீ நேரடியா வேண்டாம், சூட்டைக் கட்டுப்படுத்துற கரண்ட் அடுப்பு போதும். காய்ச்சின பாத்திரம் திரும்ப அடுப்படிக்குப் போகக்கூடாது. ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் பாகு தெறிக்கும். தோல்ல பட்டா ஒட்டிக்கிட்டு விடாம சுடும். முழுக்கை சட்டை, கையுறை, கண்ணாடி. குழந்தைங்க கீழ இருக்கட்டும்.

இன்னொண்ணு. பிளாஸ்டிசால் கிடைக்கலைன்னு பிவிசி பைப்பையோ, செருப்பு வாரையோ, பொம்மையையோ உருக்கிப் பார்க்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. குழாய் பிவிசி சூட்டுல இளகினாலும் ஆறினதும் மெத்துன்னு இருக்காது, புகையும் கருகலும்தான் மிச்சம். பழைய கிழிஞ்ச பிளாஸ்டிசால் புழுவை வேணா சேர்த்து வச்சு மறுபடி உருக்கலாம், அது நல்ல பழக்கம். தண்ணியில விடாம திரும்பக் கொண்டு வர்றதுக்கும் அது ஒரு காரணம். மக்காத பொருள் அது. மீன் முழுங்கினா வயித்துலயே தங்கும்.

அச்சுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். ஹார்டுவேர் கடையில கிடைக்கும். பிடிச்ச ஒரு பிளாஸ்டிக் புழுவுக்கு வாசலின் தடவி, பிளாஸ்டர் குழம்புல பாதி உடம்பு அமுங்குற மாதிரி வச்சு, இறுகினதும் எடுத்தா அச்சு ரெடி. ஆனா அச்சு எலும்பு வரைக்கும் காயணும். நம்ம பங்குனி வெயில் இதுக்குன்னே இருக்கு. ஈரம் மிச்சம் இருந்தா சூடான பாகு பட்டதும் ஆவி கிளம்பி, புழு முழுக்கக் குமிழி. காஞ்ச அச்சுக்கு, தண்ணி கலந்த ஃபெவிகாலை ரெண்டு மூணு கோட் அடிச்சு மூடிட்டா வழவழன்னு வரும். அச்சுல இருந்து எடுத்த புழுவை நேரா, மட்டமா படுக்க வைங்க. வளைச்சு வச்சு ஆறினா வளைஞ்ச மாதிரியே நின்னுடும், நீச்சலும் கோணலாகும். தெர்மாகோல் டப்பாவுலயும் சாதாரண கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவுலயும் போட்டு வைக்காதீங்க. புழுவுல இருக்கிற திரவம் டப்பாவையே இளக்கிடும்.

இவ்வளவு ரிஸ்க் வேண்டாம்னா ஒரு நல்ல வழி இருக்கு. ஜெலட்டின். பேக்கரி சாமான் விக்கிற கடையில ஜெலட்டின் தூள், மருந்துக்கடையில கிளிசரின், கொஞ்சம் தண்ணி. கொதிக்கிற தண்ணி மேல பாத்திரத்தை வச்சு உருக்கினா போதும், புகையும் இல்லை, விஷமும் இல்லை. இதுல பிளாஸ்டிசால் செய்யவே முடியாத ஒரு காரியம் செய்யலாம்: நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடி பண்ணிச் சேர்க்கலாம். புழுவே மணக்கும், கெளுத்திக்கு அதுதானே வேணும். குறை என்னன்னா சூடு. ஜெலட்டின் முப்பது டிகிரியைத் தாண்டினா இளக ஆரம்பிக்கும். கோடை மத்தியானத்துல குளத்து ஓரத் தண்ணியே அந்தச் சூட்டுக்கு வந்திடும். கிளிசரின் கூட்டி, தண்ணியைக் குறைச்சா கொஞ்சம் தாங்கும். மத்தபடி மார்கழி, தை மாசத்துக்கு, விடியக்காலைக்கு, இதை மிஞ்ச ஆள் இல்லை. தொலைஞ்சு போனாலும் கரைஞ்சிடும். பிள்ளைங்களோட சேர்ந்து செய்யணும்னா இதை விட நல்ல ஆரம்பம் இல்லை.

ஈயத்தைப் பத்தி ஒரு வார்த்தை. பழைய பேட்டரி ஈயத்தை வீட்டுல உருக்கித் தூண்டில் குண்டு ஊத்துறது நம்ம பக்கம் சகஜம். விட்டுடுங்க. ஈயப் புகையும் தூசியும் குழந்தைங்க மூளையைத்தான் முதல்ல தாக்கும். பிரிட்டன்ல 28 கிராம் வரைக்குமான பெரும்பாலான ஈயக் குண்டுகளை 1987-லயே தடை பண்ணிட்டாங்க, அன்னப்பறவைங்க அதை முழுங்கிச் செத்துக்கிட்டு இருந்ததால. பூட்டு ஊருல இருந்துக்கிட்டு ஈயம் எதுக்கு? பித்தளைத் துண்டும் இரும்பு நட்டும் தாராளமா இருக்கு.

வீசுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். குளத்துல பெரும்பாலும் மீன் குத்தகைக்கு விட்டிருப்பாங்க. அதுல குஞ்சு விட்டு வளர்க்கிறவருக்கு அது பொழப்பு. "அண்ணே, விரால் மட்டும் தூண்டில்ல பார்க்கலாமா"ன்னு கேட்டுட்டு இறங்குறதுதான் மரியாதை. அணையில மீன்வளத்துறை விதி என்னன்னு அங்கயே விசாரிச்சுக்கணும்.

அடுத்தது இன்னும் முக்கியம். மழைக்காலத்துல தண்ணி மேல செம்மஞ்சளா ஒரு கூட்டம் கொதிக்கிற மாதிரி தெரிஞ்சா, அது விரால் குஞ்சுங்க. அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அந்தக் கூட்டத்துக்கு மேல எந்த லூர் விழுந்தாலும், பசிக்காக இல்லை, குஞ்சைக் காப்பாத்தப் பாஞ்சு அடிக்கும். ரொம்பச் சுலபமா மாட்டும். அதைப் பிடிச்சு வீடியோ போட்டுப் பெருமைப்படுறவங்க இருக்காங்க. காவல் போனா அந்தக் குஞ்சுங்களை மத்த மீனும் நீர்க்காக்கையும் கொஞ்ச நேரத்துல காலி பண்ணிடும். அங்க வீசாதீங்க. குளத்தோட அடுத்த வருஷம் அந்தச் செம்மஞ்சள் கூட்டத்துலதான் இருக்கு.

கடைசியா, தவளையில இன்னும் ஒரு சேர்க்கை பாக்கி இருக்கு. வால் வளையத்துல ரெட்டை முள்ளோட, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளை இலையை ஸ்விவல் (தானா சுத்துற இணைப்பு) வச்சுத் தொங்க விட்டா, இழுக்கும்போது அது சுழன்று தண்ணியைக் கலக்கும். கலங்கின குளத்துல அந்தச் சத்தம்தான் விராலைத் திருப்பும். ஸ்விவல் இல்லாம நேரா கட்டினா இலை சுத்தாது, தவளையே சுத்தும், நரம்பு முறுக்கிக்கும். இலையோட ஓரத்தை அரம் போட்டு மழுக்கிட்டுக் கட்டுங்க, இல்லைன்னா தோல் காலை அதுவே அறுத்திடும். பெட்டியில போடுறதுக்கு முன்னாடி நிழல்ல காய வைங்க, இல்லைன்னா முள் பதிஞ்ச இடத்துல ஈரம் நின்னு முள்ளைத் துருவாக்கிடும்.